டாக்டரம்மா சொன்னது

பிப்ரவரி 9

என் குருவிக்கு மாமாவின் ஆசிகள்.

நான் முன்னாடியே சொன்னேன். நீ தேர்வுக்குக் கிளம்பிய அன்று காலையிலேயே அத்தையிடம், "பாரு, மூணு பேப்பர்ல தேறிடுவா. ஒண்ணு காலை வாரும். அதுவும் அந்த பேத்தாலஜிதான்" என்று பெயர் முதற்கொண்டு சொன்னேன். அத்தை அப்படி எதுவும் காதில் விழவில்லை என்கிறாள். குழாய் திறந்திருந்ததாம்.

இங்கே எல்லோரும் நலம். எனக்கு மட்டும் முட்டிவலி. அதுவும் ஊரில் உள்ளவர்களின் முட்டிவலியைவிட ஒரு படி மேல். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை என்றால் சாப்பாடும் அவசரமாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

ஒரு பேப்பர் போனதற்கா போனில் அப்படி அழுவார்கள்? அந்தப் பயிற்சித் தேர்வை முதல் தடவையே தாண்டிய டாக்டர் இந்த உலகத்தில் மொத்தம் ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம். எனக்குத் தகவல் உண்டு. உன் அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றாய். சொல்லவில்லை. மாடிக்குப் போய், "ரிசல்ட் இன்னும் வரலக்கா" என்றேன்.

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"பரீட்சை ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்கு."

அதோடு அக்கா விட்டுவிட்டாள். ஆள் இருக்கிறது என்று சொன்னால் போதும், குருவி. எந்தக் கேள்வியும் அதோடு நின்றுவிடும்.

உன் சீனியர் சொன்ன யோசனை பிரமாதம். "ஒண்ணுமே தெரியாத ஒருத்தருக்குப் புரியிற மாதிரி எழுதிப் பழகு" என்று அவர் சொன்னதும் உனக்கு என் ஞாபகம் வந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவன் நான். இரண்டு மடங்கு படித்ததாகக் கணக்கு. போன் வேண்டாம், கடிதமாக எழுதுகிறேன், போனில் உங்களோடு யார் பேச முடியும் என்றாயே, அதுவும் சரி. அனுப்பு. மார்க் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவனுக்குப் பரீட்சை வைக்கத் தெரியாதா?

உன் வெற்றியை இப்போதே பார்த்துவிட்ட
மாமா


பிப்ரவரி 22

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்களும் அத்தையும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முட்டிக்கு ஓய்வு கொடுங்கள். கிளட்ச்சை நீங்கள் மிதிக்காமல் கற்றுக்கொள்கிறவர்களை மிதிக்கவிடுங்கள்.

தேறியவர்கள் எங்கள் பிரிவில் கேக் வெட்டினார்கள். நானும் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டேன், கை கொடுத்தேன், சிரித்தேன். அதற்குப் பிறகு கேன்டீனுக்குப் போவதில்லை. அழுக்குத்துணி வண்டிகள் இறங்கும் பின்பக்கப் படி வழியாகவே வந்து போகிறேன். வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்ட அம்மாள் என் முன்னால் ஒரு படத்தை வைத்தார். தெரிந்த விடைதான் மாமா. வாய் திறக்கவில்லை. "பரவாயில்லை, அடுத்தது போகலாம்" என்று அவர் கனிவாகச் சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது.

சரி, பாடம். இன்றைக்கு அழற்சி. உடம்பில் ஓரிடத்தில் அடிபட்டாலோ கிருமி நுழைந்தாலோ அங்கே ரத்தக்குழாய்கள் விரிகின்றன. ரத்தம் கூடுதலாக வருவதால் சிவப்பும் சூடும். குழாயிலிருந்து நீர் கசிவதால் வீக்கம். நரம்பு சீண்டப்படுவதால் வலி. இந்த நான்கும்தான் அடையாளம். அழற்சி என்பது நோயில்லை. உடம்பு தனக்குத்தானே செய்துகொள்ளும் ரிப்பேர்.

புரிந்ததா? உண்மையைச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு. ரிசல்ட் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுங்கள்.

உங்கள்
குருவி


மார்ச் 6

குருவி,

பத்துக்கு ஏழு. மூன்றை ஏன் பிடித்தேன் என்றால், மொத்தமாகக் கொடுத்தால் உனக்குத் தலைக்கனம் வந்துவிடும்.

புரிந்தது என்று சொல்வது குறைவு. நானே எழுதியதுபோல் இருந்தது. ரோட்டில் ஒரு மோதல். கூட்டம் கூடுகிறது, அது வீக்கம். என்ஜின் கொதிக்கிறது, அது சூடு. போலீஸ் வண்டியின் சிவப்பு விளக்கு. ஆளாளுக்குக் கத்துகிறார்கள், அது வலி. கொஞ்ச நேரத்தில் இழுவை வண்டி வந்து சரிசெய்துவிடும். இதை நான் சொல்ல, என் காரில் இருந்த டாக்டரம்மா அசந்துபோய் என்ஜினை அணைத்தே விட்டார்.

எந்த டாக்டரம்மா என்கிறாயா? தெருமுனையில் புதிதாகக் கண்ணாடிக் கதவு போட்ட கிளினிக் வந்திருக்கிறதே, அவர்தான். சின்னப் பெண். காலையில் கிளினிக் திறக்கும் முன்பு என்னிடம் கார் கற்றுக்கொள்ள வருகிறார். ரிவர்ஸ் மட்டும் ஆகவே ஆகாது. போன வாரம் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கேட்டேன்:

"டாக்டரம்மா, அழற்சிக்கு நாலு அடையாளம் சொல்லுங்க பாப்போம்."

"மாஸ்டர், எதிர்ல லாரி வருது!"

"லாரி வரட்டும்மா. பதில் வரலையே."

பெயில். நீ என்றால் சொல்லியிருப்பாய்.

ஒரு சின்னச் செய்தி. பயப்படாதே. உன் அம்மா துணி காயப்போட ஸ்டூல் மேல் ஏறி, இறங்கும்போது கால் பிசகிவிட்டது. கணுக்கால் எலும்பில் மயிரிழை மாதிரி ஒரு கீறல். பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரேயை அவர்களுக்கு முன்னால் நான்தான் பார்த்துச் சொன்னேன். அக்கா மாடியிலேயே ராணி மாதிரி சாய்ந்து கிடக்கிறாள். கீழே இருக்கும் எங்களுக்குத்தான் மணிக்கொரு முறை ஏறி இறங்கும் வேலை. நீ வர வேண்டாம் என்று அவளே சொல்லச் சொன்னாள்.

உன் தேர்வாளர்
மாமா


மார்ச் 19

அன்புள்ள மாமாவுக்கு,

கட்டு இறுக்கமாக இருக்கிறதா? விரல்கள் நீலமாகவோ மரத்தோ இருந்தால் உடனே கூட்டிப்போங்கள். அம்மாவிடம் பேசினேன். "நல்லாத்தான் இருக்கேன், நீ வேலையப் பாரு" என்று வைத்துவிட்டார். உண்மையில் எப்படி இருக்கிறார் என்று நீங்கள்தான் எழுத வேண்டும். அலங்காரம் இல்லாமல் எழுதுங்கள் மாமா, ப்ளீஸ்.

லீவு கேட்கலாம் என்று தலைமை டாக்டரின் அறை வாசல்வரை போனேன். இரண்டாம் முறை எழுதப்போகிறவள் லீவு கேட்டால் என்ன நினைப்பார் என்று திரும்பிவிட்டேன். இதை எழுதும்போதே கூசுகிறது.

மறுதேர்வு மே மாதம். இந்த முறை பாடம் இல்லை. அடுத்ததில் சேர்த்து எழுதுகிறேன்.

அன்புடன்
குருவி


ஏப்ரல் 17

குருவி,

நல்ல செய்திகளாகவே அடுக்குகிறேன். கட்டுப் பிரித்தாகிவிட்டது. அத்தை நலம். என் முட்டியும் கட்சி மாறி என் பக்கம் வந்துவிட்டது. டாக்டரம்மாவுக்கு ரிவர்ஸ் வந்துவிட்டது, என் கேட்தான் கொஞ்சம் நெளிந்துவிட்டது.

கட்டு பிரித்த காலின் கெண்டைச்சதை கொஞ்சம் வீங்கியிருக்கிறது. நான் மேலே போய்ப் பார்த்தேன். பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பே வந்தது. சிவப்பு இருக்கிறது, சூடு இருக்கிறது, வீக்கம், வலி. நாலும் வரிசையாக நிற்கின்றன! "அக்கா, இது அழற்சி. உடம்பு ரிப்பேர் பண்ணுது. உன் பொண்ணே எழுதியிருக்கா" என்றேன்.

"அவளையே கேட்டுடேன்டா."

"பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைய எதுக்குக்கா?"

"அப்போ உன் கார்ல வர்ற டாக்டரம்மாவையாவது கேளு."

கேட்காமல் விடுவேனா? மறுநாள் காரிலேயே ஒன்றுவிடாமல் விவரித்தேன். டாக்டரம்மா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே, "கட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த சதை மாஸ்டர், அப்படித்தான் இருக்கும். நல்லா தேய்ச்சுவிட்டு நடக்கச் சொல்லுங்க" என்றார். உன் அம்மாவுக்கு அதைக் கேட்ட பிறகுதான் முகத்தில் தெளிவு வந்தது. "டாக்டரே சொன்னாங்களா, அப்ப சரி" என்று காலை நீட்டினாள். அத்தை காலையும் மாலையும் தேய்த்துவிடுகிறாள்.

நீ நிம்மதியாகப் படி.

மாமா


ஏப்ரல் 26

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தில் வீக்கம் என்ற இடத்தில் ஒரு நொடி நெஞ்சு திக்கென்றது. டாக்டரிடம் கேட்டிருக்கிறீர்கள் என்று அடுத்த வரியிலேயே இருந்ததால் மூச்சு வந்தது. அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். கேட் நெளிந்தால்தான் என்ன!

தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். இந்தப் பாடத்தைக் கொஞ்சம் கடுமையாகத் திருத்துங்கள்.

ரத்தம் வெளியே கொட்டும்போது உறைவது நல்லது. குழாய்க்குள்ளேயே உறைந்தால் ஆபத்து. மூன்று காரணங்கள். ஓட்டம் தேங்குவது. குழாயின் உட்சுவரில் காயம். ரத்தமே உறையும் குணம் கூடிப்போவது. நீண்ட நாள் படுக்கையில் இருப்பவர்கள், எலும்பு முறிந்து மாவுக்கட்டில் இருப்பவர்கள், நெடும்பயணம் போகிறவர்கள், இவர்களுக்குக் கெண்டைக்காலின் ஆழத்தில் உறைகட்டி உருவாகலாம். அது பிய்த்துக்கொண்டு ரத்தத்தோடு ஓடி நுரையீரல் குழாயை அடைத்தால் மூச்சு நிற்கும். உயிரே போகலாம்.

உங்கள் பாஷையில் இது எந்த ரோட்டில் நடக்கும்? எழுதுங்கள். மார்க்கும் போடுங்கள்.

அவசரத்தில்
குருவி


மே 5

குருவிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

உன் பாடம் வந்தது. மார்க் போடவில்லை. எனக்குச் சரியாக விளங்கவில்லை. என் கண்ணாடியை மாற்ற வேண்டும்.

தேய்த்தது போதும் என்று நிறுத்தச் சொல்லிவிட்டேன். அத்தைக்குக் கை வலிக்கிறது. உன் அம்மா நன்றாக இருக்கிறாள்.

நீ தேறிவிடுவாய்.

மாமா


ஜூன் 14

அன்புள்ள மாமாவுக்கு,

வேலைக்குத் திரும்பிவிட்டேன். அம்மா நேற்று போனில் இரண்டு நிமிஷம் மூச்சு வாங்காமல் பேசினார். ரத்தம் உறையாமலிருக்க எழுதிக்கொடுத்த மாத்திரை ஒருவேளைகூடத் தவறக் கூடாது. அத்தையிடம் சொல்லிக்கொண்டே இருங்கள். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நான் அங்கிருந்தபோது நீங்கள் சரியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்களிடம் சொல்ல முடியாததை எழுதுகிறேன். மறுதேர்வின் வாய்மொழித் தேர்வில் எனக்கு முதலாவதாக வந்த கேள்வி இது: மாவுக்கட்டு பிரித்த பெண்ணுக்குக் கெண்டைக்கால் வீங்கிச் சிவந்திருக்கிறது, என்ன நினைப்பீர்கள்? நான் தங்குதடையின்றிச் சொன்னேன். மூன்று காரணங்களையும் சொன்னேன். முன்பு என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்ட அதே அம்மாள், "அருமை" என்றார். துள்ளிக்கொண்டு வெளியே வந்து போனை எடுத்தால், அம்மா குளியலறை வாசலில் மூச்சுத் திணறி விழுந்ததையும், நீங்கள் பயிற்சிக் காரிலேயே போட்டுக்கொண்டு போனதையும், நுரையீரலில் உறைகட்டி என்பதையும் அத்தை அழுதுகொண்டே சொன்னார்.

நான் தேறிவிட்டேன் மாமா. இங்கே எல்லோரும் கைகொடுக்கிறார்கள். நான் இன்னும் பின்பக்கப் படி வழியாகத்தான் வருகிறேன். அம்மாவின் கால் உங்கள் கடிதத்தில் என் கையில் இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேதான் மாவுக்கட்டு என்று உங்களுக்குப் பாடம் எழுதியிருக்கிறேன். எழுதிய கைக்குத் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்று யோசித்தால் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. ஒரு டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார் என்று நம்பினேன். அம்மாவும் அதை நம்பித்தான் காலை நீட்டியிருக்கிறார். காலைப் பார்க்காமலே, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, தேய்க்கச் சொன்ன அந்த டாக்டரை நான் சும்மா விடப்போவதில்லை. மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதுகிறேன். அவர் முழுப் பெயர் வேண்டும். அனுப்புங்கள்.

குருவி


ஜூன் 29

என் தங்கக் குருவிக்கு,

தேறிவிட்டாய்! தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. உன் அம்மா இப்போது வாசல்வரை நடக்கிறாள். அன்றைக்கு நான் கார் ஓட்டிய வேகத்தைப் பற்றி ஆஸ்பத்திரி செக்யூரிட்டி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாராம். நடுவில் இருந்த எல்லா சிக்னலும் என்னைப் பார்த்ததும் பச்சையாக மாறின. முன்னாலும் பின்னாலும் "எல்" போர்டு தொங்க, உலகத்தில் வேறு யாரும் அப்படி ஓட்டியிருக்க மாட்டார்கள்.

பெயர் கேட்டிருந்தாய். நான் டாக்டரம்மா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். பெயர் சட்டென்று ஞாபகம் வரவில்லை. சின்னப் பெண். கிளினிக் திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அக்காதான் பிழைத்துவிட்டாளே. போகட்டும் விடேன். பெரிய மனசு பண்ணு. உன்னையும் யாராவது ஒருநாள் இப்படி எழுதினால்?

அத்தை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

மாமா


ஜூலை 7

மாமாவுக்கு,

அம்மா நலம் என்று எழுதியிருந்ததற்கு நன்றி.

உங்களிடம் கார் கற்க விண்ணப்பித்தவரின் பெயர் உங்களுக்கு ஞாபகம் இல்லையா? அத்தையிடம் கேட்டேன். கிளினிக் போர்டைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

என்னையும் எழுதினால் என்று கேட்டீர்கள். எழுத வேண்டும். நானும் அதே நாற்காலியில்தான் உட்காரப்போகிறேன். அதனால்தான் என்னால் விட முடியவில்லை.

ஒன்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அந்த டாக்டர் பழங்களோடு மாடிக்கு வந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பவே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா, பக்கத்துலதானே இருக்கேன்" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார் மாமா! இப்படியும் ஒருத்தர் நடிக்க முடியுமா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உட்காருங்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. நீங்கள் கதவோரம் நின்று தலையைக் குனிந்துகொண்டீர்கள். வீடு தேடி வந்தவரை அவமானப்படுத்தக் கூடாது என்று பொறுத்துக்கொள்கிறீர்கள் என்று நினைத்தேன்.

புகார் எழுதி முடித்துவிட்டேன். வரும் திங்கட்கிழமை அனுப்புகிறேன். சாட்சியாக உங்கள் ஏப்ரல் மாதக் கடிதத்தை இணைத்திருக்கிறேன்.

குருவி


ஜூலை 10

குருவி,

திங்கட்கிழமைக்கு முன்னால் உன் கைக்கு வர வேண்டும் என்று இதைக் கூரியரில் அனுப்புகிறேன். போனை எடுத்து உன் நம்பரைப் போட்டுப் போட்டு வைத்துவிட்டேன். போனில் நான் வேறு எதையாவது பேசிவிடுவேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது.

உன் அம்மா கேட்டுவரச் சொன்ன மறுநாள் காலை. டாக்டரம்மா ஸ்டியரிங்கில் இருந்தார். சிக்னலில் நின்றோம். "எங்க அக்கா" என்பதுவரை வாய் வந்தது. அவர் திரும்பிப் பார்த்து, "என்ன மாஸ்டர்?" என்றார்.

அந்தக் காரில் வக்கீல் உட்கார்ந்திருக்கிறார், என்ஜினியர் உட்கார்ந்திருக்கிறார். அத்தனை பேரும் என்னைக் கேட்டுத்தான் திருப்புவார்கள். நான் யாரையும் எதையும் கேட்டதில்லை. அதுவும் இவரிடம் கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் நாலு அடையாளம் சொல்லு பார்ப்போம் என்று பரீட்சை வைத்திருந்தேன். அந்த வாயால் எப்படிக் கேட்பது? அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "கண்ணாடியப் பாருங்கம்மா, பின்னாடி பஸ் நிக்குது" என்றேன். அவர் கண்ணாடியைப் பார்த்தார். பச்சை விழுந்தது. போய்விட்டோம்.

வீட்டுக்கு வந்து படியேறினேன். அக்கா மேலேயிருந்து, "கேட்டியாடா?" என்றாள். "கேட்டேனே" என்று வாய் சொல்லிவிட்டது. கேட்டேன் என்றால் அவர் ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமே. மேல்படி வந்து சேர்வதற்குள் அதையும் யோசித்துவிட்டேன்.

பிறகு உன் பாடம் வந்தது. மாவுக்கட்டு என்ற இடத்தில் நிறுத்தினேன். விளங்கவில்லை என்று உனக்கு எழுதினேன் அல்லவா, விளங்கியது. அன்றே அக்காவைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். போனால், டாக்டரம்மா சொன்னதாக நீ சொன்னாயே என்று அக்கா கேட்பாள், நீ கேட்பாய். தேய்ப்பதை மட்டும் நிறுத்தினால் அதுவாகச் சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு நாளும் மாடியில் அவள் நடக்கும் சத்தம் கேட்கிறதா என்று கீழேயிருந்து காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பழம் கொண்டு வந்த அன்று அந்தப் பெண் உண்மையைத்தான் சொன்னது. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். கீழே இறங்கிப் போகும்போது என்னிடம், "நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா மாஸ்டர்?" என்று கேட்டது. "இல்லம்மா, அவளுக்குக் களைப்பு" என்றேன். நாளைக் காலை வகுப்புக்கு வரும். அதனிடமும் சொல்லியாக வேண்டும். உன் அம்மாவிடம் இன்று சாயங்காலம் சொல்லப்போகிறேன். படியில் பாதிவரை ஏறிவிட்டு இறங்கி வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பெயரை எடுத்துவிடு. யார் பெயரையாவது எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் என் பெயரை எழுது, எழுத்துப் பிழை இல்லாமல் எழுது. டாக்டரம்மா உன் அம்மா காலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அப்படி ஒரு கால் வீங்கியிருப்பதே அவருக்குத் தெரியாது. தேய்க்கச் சொன்னது நான்.

மாமா